அயனிச் சேனல் கட்டமைப்பில் பிஎச்.டி.: எந்த நாடு, எந்த ஆய்வகம், உள்ளே போவது எப்படி?

தேன்மொழி_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டில் ஒரு பாக்டீரிய நொதியை ஈ.கோலையில் உற்பத்தி செய்து சுத்திகரித்தேன். நிக்கல் காலம் (column), ஜெல், செயல்பாட்டு அளவீடு, அவ்வளவுதான். அதற்கு மேல் எங்கள் கல்லூரியில் வசதி இல்லை.

பிஎச்.டி.யில் அயனிச் சேனல்களின் (செல் சவ்வில் அயனிகளை உள்ளே வெளியே விடும் புரதக் கதவுகள்) கட்டமைப்பில் வேலை செய்ய ஆசை. ஒரு கருத்தரங்கில் பீசோ1 சேனலின் படத்தைக் காட்டினார்கள். 2,500க்கும் மேல் அமினோ அமிலங்கள் உள்ள சங்கிலி மூன்று சேர்ந்து, வளைந்த மூன்று கைகளோடு செல் சவ்வையே குழியாக வளைத்து உட்கார்ந்திருக்கிறது. சவ்வு இழுபட்டால் திறந்துகொள்ளுமாம். அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

என் சந்தேகங்கள்: இந்தியாவிலேயே செய்யலாமா, வெளியே போனால்தானா? ஜேஆர்எஃப் (அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை) இல்லாமல் முடியுமா? கிரையோ-இஎம்முக்கு (புரதத்தை உறைய வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் முறை) வேண்டிய டைட்டன் கிரியோஸ் நுண்ணோக்கி இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? புரதத்தின் வடிவத்தைக் கணினியிலேயே கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகு இந்தத் துறையில் வேலையே மிச்சமில்லை என்று வகுப்புத் தோழன் சொல்கிறான், அது உண்மையா?

---

பிபெட்_பாண்டி

பெங்களூரில் நாலாம் ஆண்டு பிஎச்.டி. செய்கிறேன். வேலை சவ்வுப் புரதங்களில்தான், ஆனால் டிரான்ஸ்போர்ட்டர் (பொருள்களைச் சவ்வைத் தாண்டிக் கடத்தும் புரதம்), சேனல் இல்லை.

ஜேஆர்எஃப் இருந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட்டில் ஜேஆர்எஃப் வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. விடுதி இல்லையென்றால் வாடகைப் படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடி தனியாக ஒரு தேர்வு வைத்து ஜேஆர்எஃப் தருகிறது, அதையும் எழுதுங்கள். டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), என்சிபிஎஸ் (பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டுக்கும் ஜேஜிஇஇபில்ஸ் (JGEEBILS) என்று தனி நுழைவுத் தேர்வு உண்டு. அதில் தேறி நேர்காணலிலும் ஜெயித்தால் ஜேஆர்எஃப் இல்லாவிட்டாலும் நிறுவனமே உதவித்தொகை கொடுக்கும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: அரசு உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும். முதல் ஆண்டில் கையில் கொஞ்சம் காசு இருப்பது நல்லது.

இடம் என்று பார்த்தால் பெங்களூர்தான் வலுவானது. இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு, என்சிபிஎஸ் வளாகத்தில் தேசிய கிரையோ-இஎம் வசதி. ஐஐஎஸ்சி பிரிவை 1971இல் தொடங்கியவர் ஜி. என். ராமச்சந்திரன். அதற்கு முன்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதுதான் கொலாஜனின் முச்சுருள் வடிவத்தையும், 1963இல் சசிசேகரன், ராமகிருஷ்ணன் இருவரோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தையும் கொடுத்தார். இன்று உலகத்தில் யார் சேனல் கட்டமைப்பு வெளியிட்டாலும் கட்டுரையின் அட்டவணையில் ராமச்சந்திரன் கணக்கு ஒரு வரி இருந்தே தீரும். கிண்டியில் நடந்த வேலை. நம் கல்லூரிகளில் இதைத் தேர்வுக்கு ரெண்டு மார்க் கேள்வியாகக் கடந்துபோய்விடுகிறோம், போகட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சேனலின் கட்டமைப்பையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் ஆய்வகங்கள் இந்தியாவில் கைவிட்டு எண்ணுகிற அளவுதான். டிரான்ஸ்போர்ட்டர், ஜிபிசிஆர் (வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை உணரும் சவ்வுப் புரதம்) ஆய்வகங்கள் அதைவிட அதிகம். சவ்வுப் புரதத்தை உடையாமல் வெளியே எடுக்கும் கைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதனால் "சேனல்" என்ற ஒரு சொல்லுக்காக நல்ல ஆய்வகத்தைக் கைவிடாதீர்கள்.

---

குளிர்கட்டி

ஜெர்மனியில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்). பிஎச்.டி.யும் இங்கேதான், வேலை டிஆர்பி குடும்பச் சேனல்களில். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி, உங்கள் கிரியோஸ் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த இயந்திரம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று பார்த்து ஆய்வகம் தேடவே தேடாதீர்கள். நல்ல மாதிரி கையில் இருந்தால் கிரியோஸில் ஒன்றிரண்டு நாளில் ஆயிரக்கணக்கில் படங்கள் எடுத்துவிடலாம். எந்த ஊரிலிருந்தும் கிரிட்டை (மாதிரியை உறைய வைத்த சின்னத் தகடு) திரவ நைட்ரஜன் டப்பாவில் அனுப்பி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நல்ல மாதிரி வருவதற்குத்தான் வருடங்கள் ஆகின்றன. உங்கள் பிஎச்.டி.யின் பெரும்பகுதி அங்கேதான் கழியும். ஆகவே அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆள் யார் என்று தேடுங்கள்.

அது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்காக. மனிதச் சேனல்களை ஈ.கோலையில் எடுப்பது பெரும்பாலும் நடக்காது. ஹெச்இகே என்ற மனிதச் செல்களில் லிட்டர் கணக்கில் வளர்க்க வேண்டும். சேனல் கொழுப்புச் சவ்வுக்குள் உட்கார்ந்திருப்பதால் டிடர்ஜென்ட் போட்டுத்தான் பிரித்தெடுக்க முடியும். எந்த டிடர்ஜென்ட்டில் அது உயிரோடு இருக்கும், எதில் கொத்தாக ஒட்டிப் பாழாகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் சேனலோடு ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்துச் செல்லை உடைத்து, சுத்திகரிக்காமலே புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஒரு சைஸ் எக்ஸ்குளூஷன் காலத்தில் (column) ஓட்டி, பச்சை ஒளிர்வை மட்டும் பார்ப்போம். சரியான இடத்தில் கூர்மையாக ஒரே ஒரு முகடு வந்தால் அன்று ஆய்வகத்தில் காபி என் செலவு. ஓட்டத்தின் தொடக்கத்திலேயே பெரிய மேடு வந்தால் எல்லாம் கட்டிப்போய்விட்டது என்று அர்த்தம். ஒரு முனையை வெட்டுவோம், இல்லாவிட்டால் எலி, கோழி, மீன் என்று வேறு உயிரினத்தின் அதே சேனலுக்குப் போவோம், டிடர்ஜென்ட்டை மாற்றுவோம், மறுபடி ஓட்டுவோம். இதிலேயே ஒரு வருடம் ஓடுவது சர்வசாதாரணம்.

அதைத் தாண்டினால் கிரிட். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு, அதன்மேல் துளைகள் போட்ட கார்பன் படலம். 3 மைக்ரோலிட்டர் மாதிரியை வைத்து, வடிதாளால் சில வினாடி ஒற்றி, திரவ ஈத்தேனுக்குள் சடாரென்று இறக்க வேண்டும். பனிக்கட்டிப் படிகம் உருவாக நேரமே கொடுக்காமல் தண்ணீர் கண்ணாடி போல உறைய வேண்டும். ஒற்றுவது ஒரு வினாடி கூடினால் துளைகள் காய்ந்து போகும், குறைந்தால் பனி தடித்து ஒன்றும் தெரியாது. வெளியே மழை பெய்து ஈரம் ஏறிய நாளில் ஈத்தேன் கிண்ணத்தைச் சுற்றிப் பனிப்பொடி படிந்து கிரிட்டெல்லாம் வெள்ளைப் புள்ளியாகிவிடும். இதெல்லாம் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. பக்கத்தில் நின்று ஒருவர் காட்டிக்கொடுத்தால்தான் வரும்.

இந்தத் துறையின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. ராடரிக் மக்கின்னன் மருத்துவம் படித்தவர், பிறகு சேனல்களின் மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்தவர். சேனலைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த அடி வைக்க முடியாது என்று பட்டபோது படிகவியலை (புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் வடிவம் அறியும் முறை) புதிதாகக் கற்றுக்கொண்டார். 1998இல் கேசிஎஸ்ஏ என்ற பாக்டீரியப் பொட்டாசியம் சேனலின் கட்டமைப்பு வந்தது, 3.2 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் (ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சின்னது, ஆனாலும் அதைத் தடுத்துப் பொட்டாசியத்தை மட்டும் வினாடிக்கு கோடிக்கணக்கில் எப்படி விடுகிறது என்ற பழைய புதிருக்கு அதில் விடை இருந்தது. சேனல் துளையின் குறுகிய பகுதியான வடிகட்டியின் சுவரில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் அதே தூரத்தில் நிற்கின்றன. சோடியத்துக்கு அந்த அளவு பொருந்தாது. 2003இல் நோபல். 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யூசிஎஸ்எஃப்) யிஃபான் செங், டேவிட் ஜூலியஸ் குழுக்கள் மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 சேனலை, படிகமே இல்லாமல், கிரையோ-இஎம்மில் 3.4 ஆங்ஸ்ட்ராமில் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் எல்லோரும் படிகத் தட்டுகளை மூடிவைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தோம். புதிய எலக்ட்ரான் டிடெக்டர் வந்ததும், சேனலை நிலையாக வைக்கத் தெரிந்தவர்கள் அப்போது தயாராக இருந்ததும், இரண்டும் சேர்ந்து நடந்தது அது.

ஆய்வகத்தை எடைபோட நான் பார்ப்பது: கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் முதல் ஆசிரியர்கள் பிஎச்.டி. மாணவர்களா, போஸ்ட்டாக்குகள் மட்டுமா? கட்டமைப்போடு மின்னோட்ட அளவீடும் அதே ஆய்வகத்தில் நடந்திருக்கிறதா, இல்லை வெளியே கொடுத்து வாங்கினார்களா? சேனல் வழியே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் கருவி பக்கத்து அறையில் இருக்கிற ஆய்வகத்துக்கு என் ஓட்டு. படம் மட்டும் கையில் இருந்தால் அந்தச் சேனல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சண்டை போடவே பாதி ஆயுள் போய்விடும்.

---

ஜிபியு_குமார்

அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் பழைய பாட்டு. 2021இல் ஆல்ஃபாஃபோல்டு 2 வந்தது, 2024இல் நோபலே கொடுத்தாகிவிட்டது. பெரும்பாலான சேனல்களுக்கு முன்கணிப்பு மாதிரி இலவசமாகக் கிடக்கிறது. ஒரு வருடம் முகடு பார்த்து உட்கார்ந்திருப்பதற்குப் பதில் அந்த மாதிரியை எடுத்துக் கொழுப்புச் சவ்வில் வைத்து மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தல் ஓட்டினால் பிஎச்.டி. நாலு வருடத்தில் முடியும். கோடு எழுதத் தெரிந்தால் வெளியே வேலையும் சுலபம். தேன்மொழி, உங்கள் தோழன் பாதி சரி.

---

குளிர்கட்டி

குமார், உருவகப்படுத்தலுக்கு நான் எதிரி இல்லை. எங்கள் கட்டுரைகளில் பாதிக்கு அந்த வேலை செய்து தருபவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். ஆனால் சேனல் விஷயத்தில் ஆல்ஃபாஃபோல்டின் விடை எங்கே நின்றுபோகிறது என்று பாருங்கள்.

சேனல் என்பது கதவு. கதவின் ஒரு படத்தை வைத்துக்கொண்டு அது எப்படித் திறக்கிறது என்று சொல்ல முடியாது. முன்கணிப்பு பெரும்பாலும் ஒரு நிலையைத்தான் தருகிறது, அது எந்த நிலை என்று தானாகச் சொல்வதும் இல்லை. டிஆர்பிவி1ஐயே எடுங்கள். 2013இல் சேனல் தனியாக ஒரு கட்டமைப்பு, மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினோடு ஒன்று, டாரண்டுலா சிலந்தியின் நஞ்சும் ரெசினிஃபெராடாக்சினும் சேர்த்து ஒன்று என்று எடுத்தார்கள். மூன்றிலும் துளையின் அகலம் வேறு. பிறகு 2016இல் அதே சேனலை டிடர்ஜென்ட்டை விட்டு நானோடிஸ்க் கொழுப்புத் தட்டில் வைத்துப் பார்த்தபோது, கேப்சைசின் உட்காரும் அதே குழியில் மருந்தில்லாத நேரத்தில் ஒரு பாஸ்ஃபோஇனோசிடைட் கொழுப்பு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கார மூலக்கூறு வந்து அதை வெளியேற்றுகிறது. வரிசையை மட்டும் கொடுத்துக் கணித்திருந்தால் அந்தக் கொழுப்பு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

பீசோவின் கதை இன்னும் கடினம். அதைத் திறக்க வைப்பது வேதிப்பொருள் இல்லை, சவ்வின் இழுவிசை. டிடர்ஜென்ட்டில் மிதக்கும் புரதத்தை எங்கே பிடித்து இழுப்பது? கொழுப்புக் குமிழிகளில் பொருத்திச் சவ்வின் வளைவை மாற்றிப் பார்க்கிறார்கள், இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய. தேன்மொழி, வேலை மிச்சமில்லை என்கிற தோழனிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

---

ஜிபியு_குமார்

கொழுப்பு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். நாலு வருடத்தில் முடியும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

வடமராட்சியான்

வணக்கம். நான் பேராதனையில் மூலக்கூற்று உயிரியல் சிறப்புப் பட்டம், நாலு வருடம். முதுமாணி இன்னும் செய்யவில்லை. எங்களுக்கு நெட், ஜேஆர்எஃப் ஒன்றும் இல்லை. இங்கே இந்தத் துறையில் கலாநிதிப் பட்டம் செய்ய ஆய்வுகூடமும் இல்லை, அந்தத் தரத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியும் இல்லை. நேரே கலாநிதிப் பட்டத்துக்கு எடுக்கிற இடங்கள் எவை? விண்ணப்பக் கட்டணம் கட்டிக்கட்டியே காசு முடியுமோ என்று பயமாக இருக்கிறது. அயன் சேனலில் எனக்கும் ஆசை, குறிப்பாக இதயப் பொற்றாசியம் சேனல்கள்.

---

டெக்சாஸ்_தமிழன்

நாலு வருட ஆனர்ஸ் இருந்தால் அமெரிக்காவுக்கு அது போதும், முதுகலை தேவையில்லை. உயிரியல் பிஎச்.டி.யில் கல்விக் கட்டணத்தையும் மாதச் சம்பளத்தையும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்தில் முடியும். ஜிஆர்இ தேர்வை நிறைய இடங்களில் எடுத்துவிட்டார்கள். கட்டணம் ஒரு விண்ணப்பத்துக்கு 100 டாலர் வரை போகும், ஆனால் கட்டண விலக்கு கேட்டு மின்னஞ்சல் போடுங்கள், கேட்டவர்களுக்குத் தருகிற இடங்கள் உண்டு. கேட்காமல் விட்டு அப்புறம் புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே ஒரு பேராசிரியரிடம் நேரே சேர்வதில்லை. துறையில் சேர்ந்து முதல் ஆண்டு மூன்று ஆய்வகங்களில் சுழற்சியாக வேலை செய்து, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் ஒரே ஒரு சேனல் ஆளை நம்பிப் போகாமல், மூன்று நாலு பேர் சவ்வுப் புரதத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். யூசிஎஸ்எஃப், ராக்கஃபெல்லர், டல்லாஸில் யூடி சவுத்வெஸ்டர்ன், போர்ட்லண்டில் வோல்லம் இன்ஸ்டிட்யூட் எல்லாம் அந்த வகை.

கசப்பான விஷயமும் உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச்சின் பயிற்சி உதவித்தொகைகள் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். நம்மைப் பேராசிரியரின் ஆராய்ச்சி மானியம்தான் தாங்க வேண்டும். 2025இல் மானியங்களில் குழப்பம் வந்து சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களையே குறைத்தன. எனவே அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

---

குளிர்கட்டி

வடமராட்சித் தம்பிக்கு இன்னும் இரண்டு இடம். வியன்னாவுக்குப் பக்கத்தில் ஐஎஸ்டி ஆஸ்திரியா: இளங்கலையோ முதுகலையோ முடித்தவர்களை எடுக்கிறார்கள், முதலில் சுழற்சி, முழுச் சம்பளம், எல்லாம் ஆங்கிலத்தில், விண்ணப்பக் கடைசி நாள் வழக்கமாக ஜனவரி 8. ஜப்பானில் ஒகினாவாவில் ஓஐஎஸ்டி: அதுவும் ஏறக்குறைய இதே முறை. இரண்டிலும் சேனல் ஆட்கள் இப்போது யார் என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

ஜெர்மனியில் பொதுவாக முதுகலை கேட்பார்கள். தேன்மொழிக்கு அது பிரச்சினை இல்லை. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஐஎம்பிஆர்எஸ் என்ற பிஎச்.டி. பள்ளிகள் வழியாக வருவது சுத்தமான பாதை. ஃபிராங்க்ஃபர்ட்டில் மாக்ஸ் பிளாங்க் உயிர் இயற்பியல் நிறுவனம் சவ்வுப் புரதத்துக்கே பெயர் போனது. முதல் சவ்வுப் புரதக் கட்டமைப்புக்கு 1988இல் நோபல் வாங்கிய ஹார்ட்முட் மிஷல் இயக்குநராக இருந்த இடம். கோட்டிங்கெனில்தான் நேஹரும் சாக்மனும் 1976இல் பேட்ச் கிளாம்ப்பைக் கொண்டுவந்தார்கள். அங்கே இளங்கலையோடு நுழைகிற வழியும் உண்டு, தம்பி பார்க்கலாம். சம்பளம் பெரும்பாலும் அரசு ஊதிய அட்டவணையின் இ13 நிலையில் 65 விழுக்காட்டு ஒப்பந்தம். காகிதத்தில் 65, வேலை நூறுக்கு மேல். அதைப் பற்றி இங்கே யாரும் சிரிக்காமல் பேசுவதில்லை. ஆனால் கல்விக் கட்டணம் இல்லை, மருத்துவக் காப்பீடு உண்டு, ஒருவர் நிம்மதியாக வாழலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் இடங்களையும் தேடுங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், சம்பளமும் நல்லது. ஒரே ஒரு நிபந்தனை பலரைக் கவிழ்க்கும்: சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் இரண்டு வருட முதுகலை முடித்த கையோடு ஜெர்மனி இடத்துக்கு விண்ணப்பித்தால் கதவு மூடியிருக்கும்.

பிரிட்டனில் கேம்பிரிட்ஜில் உள்ள எம்ஆர்சி எல்எம்பி (மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்) எல்லோர் பட்டியலிலும் இருக்கும். ஹெண்டர்சன் கிரையோ-இஎம்மை வளர்த்த இடம், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோமில் நோபல் வாங்கியதும் அங்கே இருந்தபோதுதான். ஆனால் பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான யூகேஆர்ஐ தரும் உதவித்தொகையில் வெளிநாட்டு மாணவர்கள் 30 விழுக்காட்டுக்கு மேல் போக முடியாது. போட்டி கடுமை. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி நெட் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

---

மருந்துப்பெட்டி

பிஎச்.டி. முடித்த பிறகு சோறு எங்கே என்று யாரும் கேட்கவில்லையே! நான் ஹைதராபாத்தில் ஒரு ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் சேனல் அளவீடு செய்கிறேன்.

வடமராட்சியான் சொன்ன இதயப் பொட்டாசியம் சேனல்தான் எங்கள் சோறு. ஹெர்க் சேனல். டெர்ஃபெனடின் என்று ஒரு ஒவ்வாமை மாத்திரை இருந்தது, கோடிக்கணக்கானோர் சாப்பிட்டது. அது ஹெர்க்கை அடைத்து இதயத் துடிப்பைத் தடம்புரள வைக்கும் என்று தெரிந்து 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அதற்கப்புறம் சிசாப்ரைடு. இப்போது புது மருந்து மூலக்கூறு எதுவாக இருந்தாலும், அது வயிற்றுப்போக்குக்கே ஆனாலும், ஹெர்க் சோதனை தாண்டாமல் மனிதரிடம் போகாது. ஏன் இத்தனை வகை மருந்துகள் போய் இந்த ஒரு சேனலிலேயே மாட்டுகின்றன என்பதற்கு 2017இல் வந்த கிரையோ-இஎம் கட்டமைப்பு கொஞ்சம் வெளிச்சம் தந்தது. துளையைச் சுற்றி ஆழமான சின்னச் சின்னப் பைகள். எதுவும் போய் உட்காரலாம்.

மறுபக்கம், சேனலையே குறிவைத்த மருந்துகள். என்ஏவி1.8 சோடியம் சேனலைத் தடுக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓபியாய்டு வகையைச் சேராத வலி மருந்து. வலி நரம்பில் இருக்கும் சோடியம் சேனலை மட்டும் தடுத்து இதயத்தையும் தசையையும் தொடாமல் விடுவதற்குப் பல கம்பெனிகள் பல வருடம் முட்டி மோதியிருக்கின்றன. அதனால் கட்டமைப்பும் தெரிந்து பேட்ச் கிளாம்ப்பும் தெரிந்த ஆளுக்குக் கிராக்கி உண்டு. ஒன்று மட்டும் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த விஷயத்தில் குளிர்கட்டி மேடத்தின் கட்சிதான் நான்.

ஒரு கொசுறு: பிகே பொட்டாசியம் சேனலை அடைக்க உலகம் முழுக்க ஆய்வகங்கள் வாங்கும் ஐபீரியோடாக்சின் நம் ஊர்ச் செந்தேளின் நஞ்சிலிருந்து கண்டுபிடித்தது.

---

நெறியாளர்

"ஐரோப்பாவில் பிஎச்.டி. இடம் உறுதி" என்று வாட்ஸ்அப் எண்ணோடு வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இனி வந்தால் கணக்கே முடக்கப்படும்.

---

பிபெட்_பாண்டி

நன்றி நெறியாளர். என் ஜூனியர் ஒருவர் அப்படி ஓர் ஏஜென்சியிடம் லட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் நிற்கிறார். சம்பளம் கொடுத்து எடுக்கிற பிஎச்.டி.க்கு இடைத்தரகரே கிடையாது. விண்ணப்பக் கட்டணத்தைத் தாண்டி யாராவது காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

---

தேன்மொழி_திருச்சி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. நெட்டும் ஜேஜிஇஇபில்ஸும் எழுதுகிறேன், கூடவே ஐரோப்பாவில் சிலருக்கு மின்னஞ்சலும் போடப் போகிறேன். ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், தங்கள் ஆய்வகத்தின் தலைசிறந்த பணி என்னைப் பெரிதும் ஈர்த்தது. நான் கடின உழைப்பாளி, கட்டமைப்பு உயிரியலில் பேரார்வம் உடையவள். சிறு வயதிலிருந்தே அறிவியலில் நாட்டம் உண்டு. தங்கள் மேலான வழிகாட்டுதலில் பிஎச்.டி. செய்ய வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் தன்விவரம் இணைப்பில்."

---

குளிர்கட்டி

தேன்மொழி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே மின்னஞ்சல் எங்கள் பேராசிரியருக்கு வாரம் தவறாமல் வருகிறது, பெயர் மட்டும்தான் வேறு. ஐயா/அம்மையீர் என்று சாய்கோடு போட்டதைப் பார்த்ததுமே மூடிவிடுவார்.

உங்களிடம் சொல்ல விஷயம் இருக்கிறது, அதைத்தான் எழுதவில்லை. அந்த நொதி ஒரு லிட்டருக்கு எவ்வளவு கிடைத்தது? கரையாமல் அடியில் தங்கியதா, எப்படிச் சரிசெய்தீர்கள்?

---

தேன்மொழி_திருச்சி

37 டிகிரியில் வளர்த்தபோது முக்கால்வாசி கரையாமல் போனது. வெப்பநிலையை 18ஆகக் குறைத்து இரவு முழுக்க வைத்தேன், புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியையும் குறைத்தேன். லிட்டருக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராம் வந்தது. ஜெல்லில் ஒரு பட்டைதான், ஆனால் சில நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடும். கிளிசரால் சேர்த்த பிறகு நின்றது.

---

குளிர்கட்டி

இதுதான் மின்னஞ்சல்! நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பேராசிரியர் (குடும்பப் பெயர்) அவர்களுக்கு, உங்கள் (இந்தச் சேனல்) கட்டுரையில் நானோடிஸ்க்கில் துளை மூடியே இருந்தது, மின்னோட்ட அளவீட்டிலோ அதே நிலைமையில் சேனல் திறந்தது. இந்த முரண்பாடு டிடர்ஜென்ட்டிலிருந்து மாற்றும்போது ஒரு கொழுப்பை இழப்பதால் வருகிறதா? முதுகலையில் ஒரு பாக்டீரிய நொதியைச் சுத்திகரித்தேன். 37 டிகிரியில் பெரும்பகுதி கரையாமல் போனது, 18 டிகிரிக்கு மாற்றி லிட்டருக்கு 4 மில்லிகிராம் எடுத்தேன், கிளிசரால் சேர்த்து நிலைப்படுத்தினேன். சவ்வுப் புரதத்தில் இதுவரை வேலை செய்ததில்லை, கற்றுக்கொள்ள விரும்புகிறேன். அடுத்த ஆண்டு உங்கள் ஆய்வகத்தில், ஐஎம்பிஆர்எஸ் வழியாகவோ நேரடியாகவோ, பிஎச்.டி. இடம் இருக்குமா?"

முதல் கேள்வி ஒவ்வொருவருக்கும் வேறு, அந்தக் கட்டுரையை நீங்களே படித்து எழுத வேண்டியது. நூறு பேருக்கு அனுப்பாமல் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

---

வடமராட்சியான்

நான் எழுதி வைத்திருந்ததும் தேன்மொழியின் முதல் கடிதம் மாதிரியேதான். அழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். அக்கா, நேர்காணலுக்குக் கூப்பிட்டால் நாங்கள் அவர்களிடம் என்ன கேட்கலாம்? "கேள்வி இருக்கா" என்றால் எனக்கு வாயே வராது.

---

பிபெட்_பாண்டி

இதற்கு நான் பதில் சொல்கிறேன். பேராசிரியரிடம் கேட்பதைவிட மாணவர்களோடு தனியாகப் பேச அரை மணி கேளுங்கள். ஐரோப்பாவில் அது வழக்கம்தான், இந்தியாவிலும் மாணவர் பெயரைத் தளத்தில் பார்த்து எழுதினால் பெரும்பாலும் பதில் வரும். அவர்களிடம்: கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது? உன் முதல் சேனல் வேலை செய்யாமல் போனபோது எத்தனை மாதம் கழித்து வேறு புரதம் கொடுத்தார்? ஒரே சேனலை ஒரு மாணவரிடமும் ஒரு போஸ்ட்டாக்கிடமும் கொடுத்து ஓட விடுகிறாரா? கிரியோஸ் நேரம் கிடைத்தால் யாருடைய கிரிட் முதலில் உள்ளே போகிறது?

இரண்டாவது கேள்விக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றால் அந்த ஆய்வகத்தை விட்டுவிடுங்கள்.

---

ஜிபியு_குமார்

படங்களைக் கணக்கிடும் ஜிபியு கணினி அட்டைகள் எத்தனை இருக்கின்றன, யாருக்கு எவ்வளவு நேரம் என்பதையும் கேளுங்கள். கிரையோ-இஎம் தரவு ஒரு முறைக்குப் பல டெராபைட் வரும். படம் எடுக்க ரெண்டு நாள், கணக்குப் போட வரிசையில் ரெண்டு மாதம் என்று இருக்கிற ஆய்வகங்கள் எனக்கே தெரியும்.

---

குளிர்கட்டி

குமார் சொன்னதில் இதை வரிக்கு வரி ஒத்துக்கொள்கிறேன். தேன்மொழி, முதல் மின்னஞ்சலை அனுப்பும் முன் அந்தக் கட்டுரையைப் பற்றிய உங்கள் கேள்வியை இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.